நடப்பு வட்டியும் நிலப்பிணையும்: பர்மிய நகரத்தார் வணிகத்தில் ஆலோசனை மரபும் நிலவுடைமைச் சிக்கலும் (1852–1942)

ஆய்வுச் சுருக்கம்

கீழ்ப் பர்மாவின் நெல்விளை நிலங்களை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கிய நகரத்தார், தொழில் சார்ந்த செய்திகளையும் அறிவுரைகளையும் தமக்குள் பரிமாறிக்கொள்ள வலுவான அமைப்புகளை உருவாக்கியிருந்தனர். கோயில் கூட்டம், நடப்பு வட்டி, அடத்திக் கடை, மூன்றாண்டு முறைப் பணி, கடிதப் போக்குவரத்து ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பணத்தை எவ்வாறு திரட்டுவது, யாருக்குக் கொடுப்பது, எந்த நிலத்தை ஈடாக ஏற்பது என்பவற்றில் இவ்வமைப்புகள் தேர்ந்த வழிகாட்டுதலை வழங்கின. ஆயின் நிலமே கைக்கு வந்துவிட்டால் அதனை எவ்வாறு நிருவகிப்பது என்பதற்கு அவற்றில் போதிய விடை இல்லை. 1930இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் இக்குறையை வெளிப்படுத்தியது. நகரத்தார் திட்டமிட்டு நிலம் கவர்ந்தவர்களா, விருப்பமின்றி நிலவுடைமையாளர் ஆனவர்களா என்ற நெடுநாள் வினாவை அவர்தம் ஆலோசனை மரபின் வழியே இக்கட்டுரை அணுகுகிறது.

திறவுச் சொற்கள்: நகரத்தார், பர்மா, நடப்பு வட்டி, அடத்தி, நிலப்பிணை, லேவாதேவி, பெருமந்தம்.

முன்னுரை

தமிழர் கடல்கடந்த வணிக வரலாற்றில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பர்மியக் காலம் தனித்த இடம் பெறுவதாகும். இலங்கை, மலாயா, சிங்கப்பூர், பிரெஞ்சு இந்தோ-சீனா எனப் பல நாடுகளில் அவர்கள் தொழில் செய்தபோதிலும், அவர்தம் முதலின் பெரும்பகுதி பர்மாவிலேயே ஈடுபடுத்தப்பட்டிருந்தது. 1930இல் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இயங்கின என்றும், அவற்றில் புழங்கிய மொத்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவர்கள் வழங்கிய கடனில் மூன்றில் இரண்டு பங்கு வேளாண் மக்களிடமே இருந்தது.

இவ்வரலாறு குறித்த ஆய்வுகள் இருவேறு திசைகளில் சென்றுள்ளன. ஜே.எஸ். ஃபர்னிவால், மைக்கேல் அடாஸ், செங் சியோக்-ஹ்வா முதலியோர் பர்மிய நெற்பொருளாதாரத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்தனர். அவர்தம் நூல்களில் நகரத்தார் அப்பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாக வருகின்றனர். டேவிட் ரட்னர் நகரத்தாரின் சமூக அமைப்பே ஒரு வங்கி அமைப்பாகச் செயற்பட்டதை விளக்கினார். முன்னவை நிலத்தையும் பின்னது பணத்தையும் மையமாகக் கொண்டவை. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. நிலத்தின்மேல் பணத்தை இட்டவர்கள் தமக்குள் எத்தகைய அறிவைப் பகிர்ந்துகொண்டனர், எதனைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதே அது. அவ்விடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் பிணையாக மாறிய வரலாறு

நகரத்தார் 1820களிலேயே தெனாசரிம் பகுதியின் மோல்மேன் நகரை அடைந்திருந்தனர். எனினும் 1852ஆம் ஆண்டு இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமானதே அவர்தம் பெருக்கத்திற்கு வழிவகுத்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும் பர்மிய அரிசியின் அளவு பெருகியது. ஐராவதி வடிநிலத்தின் காடுகளும் சதுப்புகளும் திருத்தப்பட்டு வயல்களாயின. 1850களில் 10 இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ்ப் பர்மாவின் நெற்பரப்பு 1930களில் 80 இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

காடு திருத்துவதற்கு உழைப்பு மட்டும் போதாது. முதல் விளைச்சல் வரும்வரை உணவுக்கும், உழவு மாட்டுக்கும், கூலிக்கும் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வணிகர்க்கும் ஆலைகளுக்கும் கடன் வழங்கினவேயன்றி வடிநிலத்துக் குடியானவரை நாடவில்லை. அந்த இடைவெளியை நகரத்தார் நிரப்பினர்.

இதற்குச் சட்ட அடிப்படையை 1876ஆம் ஆண்டின் பர்மா நில வருவாய்ச் சட்டம் அமைத்துத் தந்தது. ஒரு நிலத்தைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் பயிரிட்டு வரி செலுத்தியவர்க்கு அந்நிலத்தில் நிலையான, வழிவழி வரத்தக்க, பிறர்க்கு மாற்றத்தக்க உரிமை உண்டு என அச்சட்டம் வகுத்தது. மாற்றத்தக்க உரிமை என்பதே இங்கு முதன்மையானது. விற்கத்தக்க பொருளையே ஈடு வைக்கவும் இயலும். குடியானவரைக் காக்கும் நோக்குடன் தரப்பட்ட அவ்வுரிமையே, அவர் நிலத்தை இழப்பதற்கான வாயிலாகவும் அமைந்தது. நகரத்தார் அந்த வாயிலை அமைத்தவர்கள் அல்லர்; அதன் பயனை முழுமையாக அறிந்தவர்கள்.

பணத்தின் விலை: கோயில் கூட்டமும் நடப்பு வட்டியும்

கடன் கொடுப்பவர் தாமும் கடன் பெற்றவரே. நகரத்தார் கடையின் முதல் பல வகைப்பட்டது. முதலாளியின் சொந்தப் பணம், உறவினரும் பிற நகரத்தாரும் இட்டுவைத்த பணம், பெண்டிர் சீதனமாகிய ஆச்சி பணம், கோயில் பணம், வங்கிகளிடம் பெற்ற கடன் ஆகியன ஒரே கடையில் கலந்து புழங்கின. பெருங்கடைகளுள் சில, பிற நகரத்தார் கடைகளுக்குப் பணம் வழங்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டிருந்தன. அவை அடத்திக் கடைகள் எனப்பட்டன. உள்நாட்டுச் சிற்றூரில் கடை வைத்த நகரத்தார் அடத்தியிடம் பணம் பெற்றுக் குடியானவர்க்கு வழங்கினார். அடத்தியோ இரங்கூன் வங்கிகளிலும் பணம் பெற்றார்.

இத்தகைய தொடரமைப்பில் பணத்தின் விலை அனைவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். அதற்கான களம் இரங்கூன் மொகல் தெருப் பகுதியில் அமைந்த நகரத்தார் கோயிலாகும். ஒவ்வொரு தமிழ் மாதமும் குறித்த நாளில் நகரத்தார் அங்குக் கூடி, அம்மாதத்துக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தனர். பணத்தட்டுப்பாடு, அறுவடைக் காலம், வங்கி வட்டி, சென்னை மாகாணத்துக்குச் செல்லும் பணத்தின் அளவு ஆகியவற்றை நோக்கி இவ்விகிதம் ஏறும்; இறங்கும். நகரத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட வைப்புகளுக்கும் கடன்களுக்கும் இதுவே அளவுகோல். குறித்த காலத்துக்கு இடப்படும் பணத்திற்குத் தவணை வட்டி தனியே இருந்தபோதும், அதுவும் நடப்பினை ஒட்டியே அமைந்தது.

கோயில் கூட்டம் வட்டியை மட்டும் முடிவு செய்யும் இடமன்று. எந்த மாவட்டத்தில் விளைச்சல் எவ்வாறு உள்ளது, எந்த ஆலை நெல் கொள்முதலை நிறுத்தியது, எந்தக் கடையின் உண்டியல் திரும்பியது என்ற செய்திகள் வட்டி பற்றிய பேச்சில் இயல்பாகவே இடம்பெறும். அச்செய்திகள் இன்றி வட்டியை முடிவு செய்ய இயலாது. ஆகவே நடப்பு வட்டி என்பது ஓர் எண்ணாகத் தோன்றினும், அது அம்மாதத்தில் பலர் தந்த அறிவின் தொகுப்பாகும். முருகன் சந்நிதியில் கூடி எடுக்கப்பட்ட முடிவு என்பதால் அதற்கு வணிக உடன்பாட்டினும் மேலான கட்டுப்பாடு இருந்தது. அதனை மீறியவர்மேல் வழக்குத் தொடுக்க வேண்டிய தேவை இல்லை. அடுத்த மாதம் அவருக்குப் பணம் தருவார் இலர்.

ஆளைப் பற்றிய அறிவு: கடைப்பயிற்சியும் கடிதமும்

நகரத்தார் இளைஞர் தொழிலுக்காகக் கடல் கடத்தலைக் 'கொண்டுவிக்கப் போதல்' என வழங்கினர். பெட்டியடிப் பையனாகச் சேர்பவர், கணக்கு எழுதுதல், வட்டி கூட்டுதல், பணம் எண்ணுதல் ஆகியவற்றைக் கடையிலேயே கற்று, அடுத்தாளாகி, பின் மேலாளாக உயர்ந்தார். முதலாளியின் மகனும் பெரும்பாலும் பிறர் கடையிலேயே பயிற்சி பெற்றார். தந்தையின் கடையில் கண்டிப்பு குறையும் என்பது இதன் உட்பொருள். இதனால் வேறோர் விளைவும் ஏற்பட்டது. ஒரு கடையின் வழக்கமும் நுணுக்கமும் மற்றொரு கடைக்கு ஆள்வழியே சென்றன. எழுதப்படாத தொழிலறிவு சமூகம் முழுமைக்கும் பொதுவாயிற்று.

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அவர் ஊர் திரும்பும்போது கணக்கு முடிக்கப்பட்டு ஐந்தொகை எடுக்கப்படும். வராக் கடன் எது, வரும் கடன் எது எனப் பிரித்துப் புதியவரிடம் ஒப்படைக்கப்படும். இந்த ஒப்படைப்பு தனிச்சிறப்பு வாய்ந்தது. பேரேட்டில் எழுதப்பட்ட தொகைக்கு அப்பால், கடன்பட்டவரின் குணம், குடும்ப நிலை, நிலத்தின் தன்மை ஆகியவை இச்சமயத்தில்தான் கைமாறின. பணிக்காலத்தின் இடையே, செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கு மேலாள் குறித்த கால இடைவெளியில் கணக்குக் குறிப்பும் கடிதமும் அனுப்பினார். முதலாளி அறிவுரையுடன் மறுமொழி எழுதினார். பர்மாவை ஒருமுறையும் காணாத முதலாளியும் வடிநிலத்தின் ஒரு சிற்றூர் வயலைப் பற்றி முடிவெடுக்கக் கூடியவரானது இவ்வாறே.

நகர விடுதிகளும் கோயில் திருவிழாக்களும் இவ்வறிவுப் பரிமாற்றத்தின் மற்றொரு களமாயின. உள்நாட்டுக் கடைகளிலிருந்து இரங்கூன் வரும் மேலாட்கள் விடுதியில் தங்கினர். ஒரே குடியானவர் இருவேறு கடைகளில் கடன்பட்டிருப்பின் அச்செய்தி அங்கு வெளிப்பட்டுவிடும். 1930களில் 'தனவணிகன்' போன்ற இதழ்கள் இரங்கூனிலிருந்து வெளிவந்தபோது அச்சும் இதில் சேர்ந்தது. பிற்காலத்தில் காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தால் புகழ்பெற்ற ஏ.கே. செட்டியார் அவ்விதழின் ஆசிரியராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நிலத்தைப் பற்றிய அறிவு

பணத்தையும் ஆளையும் அறிந்தபின் நிலத்தை அறிதல் வேண்டும். கடன் தொகை நிலத்தின் மதிப்பை விடக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. அம்மதிப்பைக் கணக்கிட, ஆற்று வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும், உவர்நீர் நுழையுமா, படகுத்துறைக்கு எவ்வளவு தொலைவு, விளைச்சல் எத்தனைக் கூடை என்பன அறியப்பட்டன. உரிமையைச் சரிபார்க்க வருவாய்த்துறையின் நில அளவைப் படங்களும் பதிவேடுகளும் உதவின. 12 ஆண்டு நிறைவுறாத நிலத்தை ஈடாகப் பெறுதல் இடருடையது; அத்தகைய நிலத்துக்குரிய கடனில் வட்டி கூடுதலாகும்.

நகரத்தார் விரும்பியது நிலத்தைத் தம் வசம் வைத்துக்கொள்ளும் அனுபவ ஈட்டை அன்று. உடைமை குடியானவரிடமே இருக்க, பதிவு பெற்ற பத்திரம் மட்டும் தம்மிடம் இருக்கும் ஈட்டையே அவர்கள் பெரிதும் மேற்கொண்டனர். இரங்கூன் நகரத்து மனைகளுக்கும் கட்டடங்களுக்கும் உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்தே கடன் பெறும் முறையும் வழக்கில் இருந்தது. இரு முறைகளிலும் நகரத்தாரின் நோக்கு ஒன்றே. நிலம் கடனுக்குக் காவலாக நிற்க வேண்டும். கடனாக வந்த பணம் பணமாகவே திரும்ப வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் கொடுத்த கடன் அறுவடை முடிந்து நெல் விற்றபின் வந்து சேர்ந்தால், அதே பணம் வேறோர் இடத்தில் புழங்கும். நிலம் கைக்கு வந்தால் அந்தச் சுழற்சி நின்றுவிடும்.

இவ்வாறு நோக்கின், நகரத்தாரின் ஆலோசனை மரபு நிலத்தை ஈடாகப் பெற்றும் நிலவுடைமையாளர் ஆகாமல் இருப்பது எப்படி என்பதைக் கற்பித்த மரபாகும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது வெற்றியும் பெற்றது. இடையிடையே, 1907ஆம் ஆண்டு நெருக்கடி போன்ற காலங்களில் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தபோதும், விலை மீண்டதும் அவற்றை விற்று வெளியேற முடிந்தது. அந்த அனுபவமே பின்னர்த் தவறான பாடமாயிற்று. விழுந்த விலை எழும், பொறுத்திருந்தால் நிலம் விற்கும் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறையின் தொழிலறிவாகப் பதிந்தது.

1930: அறிவுரை பொய்த்த இடம்

1929இன் இறுதியில் தொடங்கிய உலகப் பெருமந்தம் 1930இல் பர்மிய நெல் விலையைத் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. கடன் ரூபாயில் எழுதப்பட்டது. அதனை அடைக்கும் வழி நெல். ஆகவே நெல்லின் விலை பாதியானபோது கடன் இரட்டிப்பானதற்கு ஒப்பாயிற்று. அதே காலத்தில் வங்கிகள் தம் கடனைச் சுருக்கின. அடத்திகள் தாம் கொடுத்த பணத்தைக் கேட்டனர். உள்நாட்டுக் கடைகள் குடியானவரை நெருக்கின.

இங்குதான் ஆலோசனை அமைப்பின் வலிமையே அதன் குறையாக மாறியது. ஒரு குடியானவர் கடன் செலுத்தாமற் போவது தனி இடர். அதனை அறியவும் தவிர்க்கவும் விடுதிப் பேச்சும் கடிதமும் போதுமானவை. ஒரு மாவட்டம் வெள்ளத்தால் அழிவது வட்டார இடர். அதனை வேறு மாவட்டத்துப் பணம் ஈடு செய்யும். ஆனால் நெல் விலை வீழ்ச்சி அனைத்து மாவட்டங்களையும் அனைத்துக் கடைகளையும் ஒருங்கே தாக்கிய இடர். 1,650 கடைகளும் ஒரே பயிரின்மேல், ஒரே வகைப் பிணையின்மேல், ஒரே அளவுகோலைக் கொண்டு பணம் இட்டிருந்தன. கோயிலில் கூடியோர் ஒவ்வொருவரும் தத்தம் கடையின் இடரைக் குறைத்துக்கொள்ளத் தக்க அறிவுரையைப் பெற்றனர். அனைவரும் அதே அறிவுரையைப் பின்பற்றியதால் கூட்டத்தின் இடர் பெருகியது. நடப்பு வட்டியை ஒருங்கே உயர்த்திப் பணத்தை ஒருங்கே திரும்பக் கேட்கும் ஆற்றல், வாங்குவோர் இல்லாத சந்தையில் நிலங்களை ஒருங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

விளைவைப் புள்ளிவிவரங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல்விளை மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசமிருந்த நிலம் சுமார் 5.7 இலட்சம் ஏக்கர். மொத்தப் பரப்பில் 6 விழுக்காடு. 1938இல் அது சுமார் 24.7 இலட்சம் ஏக்கராகி 25 விழுக்காட்டை எட்டியது. இக்காலத்தில் வேளாண்மை செய்யாதோர் வசம் சென்ற நிலத்தின் மொத்தப் பெருக்கம் சுமார் 20 இலட்சம் ஏக்கர் என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும். அப்பெருக்கத்தின் மிகப் பெரும்பகுதி நகரத்தாரையே சென்றடைந்தது. நீதிமன்றத் தீர்ப்பு வழியாகவும், கடனுக்கு ஈடாகக் குடியானவரே ஒப்படைத்தமையாலும் இந்நிலங்கள் கைமாறின.

விரும்பாத நிலவுடைமை

24 இலட்சம் ஏக்கர் நிலத்தை நிருவகிப்பது லேவாதேவித் தொழிலினின்றும் முற்றிலும் வேறானது. வரப்பும் கரையும் பேணப்பட வேண்டும். குத்தகைதாரரைத் தெரிவு செய்ய வேண்டும். விளைச்சல் குறைந்த ஆண்டில் எவ்வளவு குத்தகை தள்ளுவது என முடிவு செய்ய வேண்டும். நில வரி கட்ட வேண்டும். குத்தகையாக வந்த நெல்லைக் காத்து விற்க வேண்டும். இவற்றுள் எதனையும் பெட்டியடியில் அமர்ந்து கற்க இயலாது.

முன்னர் வலிமையாக இருந்த அமைப்புகள் இப்போது தடைகளாயின. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் மேலாளுக்கு, பத்தாண்டு கழித்துப் பயன் தரும் கரைச் சீரமைப்பில் செலவிடும் ஊக்கம் இராது. அவருடைய பணி அவர் காலத்து ஐந்தொகையால் அளக்கப்பட்டது. நிலத்தில் இட்ட செலவு அந்த ஐந்தொகையில் இழப்பாகவே தெரியும். வடிநிலத்தில் ஓராண்டுக் குத்தகையே பெருவழக்காக இருந்ததால், குத்தகைதாரரும் ஆண்டுதோறும் மாறினர். நிலத்துடன் நீண்டகாலத் தொடர்பு கொண்டவர் எவரும் இல்லாத நிலை உருவாயிற்று. முன்னர் அந்நிலத்தைத் திருத்திய குடியானவர் சில இடங்களில் அதே வயலில் குத்தகைதாரராக நின்றார். வேறு சில இடங்களில் கூலியாளானார்.

நிலத்தை விற்று வெளியேறுதலும் எளிதன்று. வீழ்ந்த விலைக்கு விற்றால் கொடுத்த கடனுக்கும் கிடைத்த தொகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இழப்பாகப் பேரேட்டில் ஏறும். அந்த இழப்பை அடத்தியும் வைப்பாளரும் அறிவர். அறிந்தால் தம் பணத்தைக் கேட்பர். விற்காதவரை அது கணக்கில் முதலாகவே நிற்கும். ஆகவே நிலத்தை வைத்துக்கொள்வதே ஒவ்வொரு கடைக்கும் அறிவுடைய செயலாகத் தோன்றியது. விலை மீளும் என்ற பழைய நம்பிக்கையும் அதற்குத் துணை நின்றது. திட்டமிட்ட நிலக் கவர்வு என்பதைக் காட்டிலும், வெளியேறும் வழியை இழந்த முதலீடு என்பதே இக்காலத்து நகரத்தார் நிலவுடைமைக்குப் பொருத்தமான விளக்கமாகும்.

குடியானவர் தரப்பு

எனினும் இவ்விளக்கம் நகரத்தார் தரப்பு நியாயத்தோடு நின்றுவிடுதல் கூடாது. 'விரும்பாத நிலவுடைமை' என்பது நிலத்தைப் பெற்றவரின் மனநிலை. நிலத்தை இழந்தவர்க்கு அதனால் ஆறுதல் இல்லை. ஆலோசனை அமைப்பின் ஒருபக்கத் தன்மை இங்கு வெளிப்படுகிறது. வட்டி எவ்வளவு, யார் எங்குக் கடன்பட்டுள்ளார், நிலத்தின் மதிப்பு என்ன என்னும் அறிவு முழுதும் கடன் கொடுத்தோரிடமே திரண்டிருந்தது. தமிழில் எழுதப்பட்ட பேரேட்டைப் பர்மியக் குடியானவர் படித்தறிய இயலாது. வட்டி முடிவு செய்யப்பட்ட கோயிலில் அவருக்கு இடமில்லை.

குடியானவர்க்கெனத் தோன்றிய மாற்று அமைப்பும் நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு ஆதரவுடன் பர்மாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தொடங்கப்பட்டன. அவை விரைவில் பெருகின. 1920களின் இறுதியில் அதே விரைவில் தளர்ந்தன. அவற்றுக்குப் பணம் வழங்கிய பர்மா மாகாணக் கூட்டுறவு வங்கி 1932இல் மூடப்பட்டது. நகரத்தார் அமைப்பில் ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததும், தவறியவர்க்கு மறுமுறை பணம் கிடைக்காது என்ற அச்சமும் கட்டுப்பாட்டை உண்டாக்கின. மேலிருந்து அமைக்கப்பட்ட சங்கங்களில் அத்தகைய கட்டுப்பாடு உருவாகவில்லை. நகரத்தாரின் வட்டி கடுமையானது என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தபோதும், உள்ளூர்ப் பர்மியக் கடன் கொடுப்போர் பலர் நகரத்தாரிடமே பணம் பெற்று அதனினும் கூடுதல் வட்டிக்கு விட்டனர் என்பதும் கருதத்தக்கது.

அரசியல் விளைவு கடுமையாக இருந்தது. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத் தொழிலாளரிடையே எழுந்த இந்திய-பர்மியக் கலவரம், அவ்வாண்டு டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் தொடங்கிய சயா சான் எழுச்சி, 1938ஆம் ஆண்டுக் கலவரம் ஆகியவற்றின் உடனடிக் காரணங்கள் வேறுவேறானவை. ஆயினும் நிலமும் கடனும் பற்றிய மனக்குறை அக்காலப் பர்மிய அரசியலின் அடிநாதமாயிற்று. 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டபின், 1939இல் குத்தகைச் சட்டமும், 1941இல் நிலம் வாங்கும் சட்டமும் நில உரிமை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் இயற்றப்பட்டன. வட்டி வீதத்தைத் தம் கூட்டத்தில் முடிவு செய்து பழகியோர், நிலத்தின் எதிர்காலம் சட்டமன்றத்தில் முடிவாவதைக் காண நேர்ந்தது.

1941 டிசம்பர் 23இல் இரங்கூன்மேல் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நகரத்தார் பலர் பேரேடுகளையும் பத்திரங்களையும் சுமந்து கடல்வழியும் தரைவழியும் தாயகம் திரும்பினர். போருக்குப் பின் மீளப் பெறலாம் என்ற நம்பிக்கையை 1948ஆம் ஆண்டு நில நாட்டுடைமைச் சட்டமும், அதன் தொடர்ச்சியாக 1953இல் வந்த சட்டமும் முடிவுக்குக் கொண்டுவந்தன.

முடிவுரை

நகரத்தாரின் பர்மிய அனுபவத்தினின்றும் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிலத்தின்மேல் பணம் இடுவோரிடையே நிகழ்ந்த ஆலோசனைப் பரிமாற்றம் அத்தொழிலின் அடித்தளமாகவே இருந்தது. நடப்பு வட்டியும் அடத்தியும் மூன்றாண்டு ஒப்படைப்பும் இன்றிச் செட்டிநாட்டுப் பணம் ஐராவதி வயலைச் சென்றடைந்திராது. இரண்டாவது, தனிக் கடையின் இடரைக் குறைத்த அதே ஒற்றுமை, அனைத்துக் கடைகளையும் ஒரே திசையில் நிறுத்திப் பொது இடரைப் பெருக்கியது. அறிவு பகிரப்பட்டமையால் தவறும் பகிரப்பட்டது. மூன்றாவது, நிலத்துக்கு நிதி அளிக்கும் அறிவும் நிலத்தை நிருவகிக்கும் அறிவும் வேறுவேறு. முன்னதில் தேர்ந்த ஒரு சமூகம் பின்னதில் பயிற்சி இன்றி நின்றபோது, அதன் சுமை முதலாளியைக் காட்டிலும் நிலத்தைத் திருத்திய குடியானவர்மேலேயே முதலில் விழுந்தது.

1937 பிப்ரவரி 10இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. கோயில் கூட்டத்தில் தோன்றிய நிதியறிவு கூட்டுப்பங்கு வங்கியாக மாறத் தலைப்பட்டதன் அடையாளமாக அதனைக் கொள்ளலாம். அதே ஆண்டில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் பெயரில் இருந்தது. பணம் புதிய வடிவம் பெற்று நிலைத்தது; நிலம் நிலைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகக் கொண்டு, நகரத்தார் பேரேடுகளையும் பர்மிய நில ஆவணங்களையும் அருகருகே வைத்து ஆராய்வது, கடன் கொடுத்தவர், கடன்பட்டவர் இருவரையும் ஒருங்கே புரிந்துகொள்ள வழிவகுக்கும்.